தட்டையான விழித்திரைப் படத்தை உருண்டையான கண்ணில் பொருத்த எந்த வழி?

கண்ணின் உட்பக்கப் பின்சுவரைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவில் எடுத்த விழித்திரைப் படம், கணினித் திரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டத் தட்டாகத் தெரிகிறது. ஒரு பக்கத்தில் பார்வை நரம்பு வட்டு வெளிறிக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் ரத்தநாளங்கள் மஞ்சள் புள்ளியை மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டு விளிம்பை நோக்கிப் போகும். இந்தத் தட்டையே நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது உண்மையில் சுமார் 12 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கிண்ணத்தின் உட்பக்கம் என்பது மறந்தே போய்விடுகிறது. கோட்டின் நீளம், புண்ணின் பரப்பு, கட்டியின் இருப்பிடம் என எதையாவது அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டிய கட்டத்தில்தான் அந்த மறதிக்கு விலை கொடுக்க நேர்கிறது.

வளைந்த கோளப் பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக்க முடியாது என்பதைக் கணித மேதை கவுஸ் 1827-இலேயே நிறுவிவிட்டார். கண்ணின் அளவுகளை இட்டுப் பார்த்தால் அந்தத் தேற்றம் கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது. 12 மி.மீ. ஆரமுள்ள ஒரு பந்தின் அடிப்பாதியை, நடுவிலிருந்து விளிம்பு வரை சரியான நீளமுள்ள ஒரு வட்டத் துணியால் மூட முயல்வதாகக் கொள்வோம். துணியின் ஆரம் 18.85 மி.மீ.; அதன் சுற்றளவு ஏறத்தாழ 118 மி.மீ. ஆனால் பந்தின் நடுச்சுற்று 75 மி.மீ.தான். எஞ்சும் 43 மி.மீ. துணி, சேலைக் கொசுவம்போல மடிந்துதான் அடங்க வேண்டும். வழக்கமான 45 டிகிரி கேமராப் படத்துக்கு இதே கணக்கைப் போட்டால், விளிம்பில் மிஞ்சுவது 42 மி.மீ. சுற்றளவில் 2 மி.மீ. மட்டுமே. ஒரே கண்ணில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் இக்கட்டுரையில் ஒப்பிடப்படும் வழிகள் அனைத்துக்கும் அடிப்படை.

எங்கள் குழுவுக்கு முன்னால் மூன்று பணிகள் வந்தன. முதலாவது, நோயாளிகளிடம் காட்டி விளக்குவதற்கான முப்பரிமாணக் கண் மாதிரி. இரண்டாவது, விழித்திரையின் ஓரங்கள் வரை காட்டும் அகலப்புலப் படங்களில் ரத்த ஓட்டம் இல்லாத பகுதிகளின் பரப்பளவைக் கணக்கிடுவது. மூன்றாவது, கண்ணுக்குள் இருக்கும் கட்டி எங்கே, எவ்வளவு அகலத்தில் உள்ளது என்பதைக் கதிரியக்கச் சிகிச்சைக்குத் திட்டமிடுபவர்களுக்கு வரைந்து கொடுப்பது. மூன்றுக்கும் ஒரே மென்பொருள், ஒரே கண் மாதிரி போதும் என்றுதான் தொடக்கத்தில் எண்ணினோம். அப்படி எண்ணியது தவறு.

இருப்பவற்றில் மிக மலிவான வழி, முப்பரிமாண ஓவிய மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு கண் உருவத்தின் பின்புறத்தில் படத்தை ஒட்டிவிடுவது. கணக்கு எதுவும் தேவையில்லை; பார்க்கவும் நன்றாக இருக்கும். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இரு மடங்கு அளவில் அச்சிட்ட முதல் மாதிரியைக் கையில் வாங்கிய மருத்துவர், அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வலக்கண்தானே? அப்படியென்றால் பார்வை நரம்பு மூக்குப் பக்கம் அல்லவா வர வேண்டும்? காதுப் பக்கம் வந்திருக்கிறதே?” என்று கேட்டார். கேமரா விழித்திரையை முன்னாலிருந்து, கண்பாவை வழியே, கிண்ணத்தின் உட்பக்கமாகப் பார்க்கிறது. வலக்கண்ணின் படத்தில் நரம்பு வட்டு நம் வலப்புறம் தெரிவது அதனால்தான். அதே படத்தை அப்படியே கோளத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் பின்னாலிருந்து பார்த்தால், வலக்கண் இடக்கண்ணாக மாறிவிடுகிறது. படத்தை இட வலமாகத் திருப்பி ஒட்ட வேண்டும், அல்லது கோளத்தின் உட்பரப்பில் ஒட்டி முன்பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஒட்டும் படங்களில் நாங்கள் கண்ட பிழைகளில் மிகப் பெரியது இதுதான்; எந்த உயர்ந்த கணிதமும் இதைத் திருத்தித் தராது. இது சரியாக இருந்தால், நோயாளிக்கு விளக்கும் பணிக்கு இந்த வழியே போதும் என்பது என் கருத்து. சர்க்கரை நோயால் விழித்திரையில் எங்கே கசிவு ஏற்பட்டுள்ளது என்பதைப் புரிந்துகொள்ள வந்திருப்பவருக்கு மில்லிமீட்டர் துல்லியம் தேவையில்லை. ஆனால் அந்த மாதிரியின் மேல் அளவுகோல் வைக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது.

அளவு வேண்டும் என்றால், அடுத்த வழி கோளத்தையே தவிர்ப்பது. படத்தைத் தட்டையாகவே வைத்துக்கொண்டு, ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற ஒற்றை அளவுமாற்றத்தை மட்டும் பயன்படுத்துவது. பள்ளிப் பாடத்தில் வரும் எளிமைப்படுத்திய கண்ணில், கணுப்புள்ளியிலிருந்து (கதிர்கள் திசை மாறாமல் கடப்பதாகக் கொள்ளும் புள்ளி) விழித்திரைக்குள்ள தூரம் ஏறத்தாழ 17 மி.மீ.; எனவே ஒரு டிகிரி சுமார் 0.297 மி.மீ. ஆகிறது. நரம்பு வட்டின் மையத்துக்கும் மஞ்சள் புள்ளியின் நடுக்குழியான ஃபோவியாவுக்கும் இடையே உள்ள சுமார் 15.5 டிகிரி, விழித்திரையில் சுமார் 4.6 மி.மீ. என்று வருவது இப்படித்தான்.

இந்த வழி கொச்சையானது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியவில்லை. கணுப்புள்ளியிலிருந்து 22.5 டிகிரியில், அதாவது 45 டிகிரிப் படத்தின் விளிம்புக்குச் செல்லும் கதிர், 12 மி.மீ. ஆரக் கோளத்தில் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டால், நடுவிலிருந்து அதன் வில் நீளம் 6.63 மி.மீ. வருகிறது. ஒரே அளவுமாற்றத்தால் பெருக்கினால் கிடைப்பது 6.68 மி.மீ. வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கண்ணின் வடிவமும் கணுப்புள்ளி இருக்கும் இடமும் சேர்ந்து, கோணத்துக்கும் வில் நீளத்துக்கும் இடையே ஏறக்குறைய நேர்விகிதத்தை உண்டாக்கிவிடுகின்றன. 50 டிகிரி தொலைவுக்குப் போனால்கூட வேறுபாடு 3 சதவீத அளவில்தான் நிற்கிறது. ஆகவே நடுவிலிருந்து ஒரு புள்ளிக்குள்ள தூரத்தை அளப்பவருக்குத் தட்டைப் படம் பெரிய துரோகம் செய்வதில்லை. பரப்பை அளப்பவருக்குத்தான் செய்கிறது.

தட்டைப் படத்தில் நடக்கும் பெரிய பிழை வடிவத்தில் இல்லை, கண்ணின் நீளத்தில் இருக்கிறது. எல்லாக் கண்களும் 24 மி.மீ. நீளமுள்ளவை அல்ல. லிட்மன் 1982-இல் தொடங்கி வைத்த திருத்தத்தைப் பென்னட், ரட்னிக்கா, எட்கர் ஆகிய மூவரும் 1994-இல் எளிமையாக்கினார்கள். கண்ணின் அச்சு நீளத்திலிருந்து 1.82-ஐக் கழித்து, மீதியை 0.01306-ஆல் பெருக்கினால், ஒரு டிகிரிக்கு விழித்திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைத்துவிடும். 24 மி.மீ. கண்ணுக்கு இது 0.290, கிட்டப்பார்வையால் நீண்டுவிட்ட 26.5 மி.மீ. கண்ணுக்கு 0.322, 22 மி.மீ. கண்ணுக்கு 0.264. திரையில் 2 டிகிரி அகலம் காட்டும் ஒரு புள்ளி, முதல் கண்ணில் 0.58 மி.மீ.; இரண்டாவதில் 0.64 மி.மீ. நீளத்தில் 11 சதவீத வேறுபாடு, பரப்பில் 24 சதவீதமாகப் பெருகிவிடுகிறது. 45 டிகிரிப் படத்தில் கோளமா தட்டையா என்று வாதிட்டு நாம் மீட்கும் ஒரு சதவீதத்தையும் இந்த 24 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அச்சு நீளத்தை அளக்கும் கருவி, கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் லென்ஸின் திறனைக் கணக்கிடுவதற்காக ஏறத்தாழ எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அளக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் நுட்பமான முப்பரிமாண மாதிரியைக் கட்டுவது, மண்ணை அளக்காமல் மாளிகைக்கு வரைபடம் போடுவதைப் போன்றது.

பழைய மருத்துவர்கள் இந்தச் சிக்கலை வேறொரு விதமாகச் சமாளித்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். புண் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதாமல், நரம்பு வட்டின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று எழுதினார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்க்கு 1984-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வகைப்பாட்டிலும் இதே அறிவு உள்ளது. அதில் முதல் மண்டலம் என்பது நரம்பு வட்டை மையமாகக் கொண்டு, வட்டிலிருந்து ஃபோவியாவுக்குள்ள தூரத்தின் இரு மடங்கை ஆரமாக வைத்து வரையும் வட்டம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணே சுமார் 17 மி.மீ. நீளம்தான், அதில் பெரியவர்களின் அளவுமாற்றத்தைப் பயன்படுத்தினால் எல்லா நீளங்களும் ஏறக்குறைய 40 சதவீதம் மிகையாக வரும். விகிதமாகச் சொல்லிவிட்டால் அந்தப் பிழை தானாகவே அடிபட்டுப் போகிறது. ஒரே கண்ணை ஆறு மாத இடைவெளியில் இரு முறை படமெடுத்து, புண் வளர்ந்துள்ளதா என்று மட்டும் பார்ப்பவருக்கும் இதே சலுகை உண்டு. நரம்பு வட்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பது மட்டுமே இதில் உள்ள குறை.

45 டிகிரியைத் தாண்டி அகலப்புலப் படங்களுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இங்கேதான் கோள மாதிரி தன் இடத்தைப் பெறுகிறது. முதலில் டிகிரி என்ற சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண ஃபண்டஸ் கேமராவின் 45 டிகிரி, கண்ணுக்கு வெளியே, கண்பாவையை நோக்கி அளந்த கோணம். அகலப்புலப் படமெடுக்கும் ஆப்டோஸ் கருவியின் புகழ்பெற்ற 200 டிகிரி, விழிக்கோளத்தின் மையத்திலிருந்து அளந்தது. வெளிக்கோணமாகச் சொன்னால் அது சுமார் 135 டிகிரிதான். இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதி, 200 என்பது 45-ஐவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று முடிவு கட்டும் கொள்முதல் அறிக்கைகளை நானே படித்திருக்கிறேன். கோள மாதிரியில் படத்தைப் பொருத்தும்போது இந்தக் குழப்பம் நேரடியாகப் பிழையாக மாறும். வெளிக்கோணம் 22.5 டிகிரி என்றால், கோள மையத்தில் அது ஏறக்குறைய 32 டிகிரி.

இதே ஆப்டோஸ் கருவி தோன்றிய கதையும் விழிக்கோளத்தின் நடுச்சுற்றான விழிநடுக்கோட்டுக்கு அப்பால் பார்க்க முடியாமல் போனதிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆண்டர்சன், விழித்திரை விலகலால் தம் சிறு மகன் ஒரு கண்ணில் பார்வையை இழந்த பிறகு, குழந்தைகளும் சங்கடமின்றி உட்கார்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய அகலப்புலக் கருவியை உருவாக்க 1992-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். நீள்வட்ட ஆடியின் இரண்டு குவியங்களில் ஒன்றில் கண்பாவை அமையும்படி செய்ததுதான் அதன் மையக் கருத்து. அந்த ஆடியே படத்தின் ஓரங்களைக் கிடைமட்டமாக இழுத்துவிடுவது அதற்கான விலை.

அகலப் படத்தைத் தட்டையாகக் காட்ட எந்த வீழல் முறையை, அதாவது கோளப் பரப்பைத் தட்டையில் வரையும் முறையை, தேர்வது என்பதில், உலக வரைபடம் வரைபவர்கள் நூற்றாண்டுகளாக நடத்திய வாதங்கள் அனைத்தும் கண்ணுக்குள் மீண்டும் நடக்கின்றன. சமதூர வீழலில் நடுவிலிருந்து தூரம் சரியாக இருக்கும். ஆனால் அரைக்கோளம் முழுவதையும் அதில் விரித்தால் பரப்பு 23 சதவீதம் மிகையாகிறது. சமபரப்பு வீழலில் பரப்பு சரியாக இருக்கும். ஓரத்தில் உள்ள வட்டங்கள் நீள்வட்டங்களாக நசுங்கும். ஸ்டீரியோகிராபிக் வீழலில் சிறு வடிவங்களும் நாளங்கள் பிரியும் கோணங்களும் கெடாமல் இருக்கும். ஆனால் ஓரம் போகப் போக எல்லாம் பெரிதாகும். கோள மையத்திலிருந்து 60 டிகிரி தொலைவில் நீளம் 1.33 மடங்காகவும், 90 டிகிரியில் 2 மடங்காகவும் தெரியும். அந்த வீழலில் அரைக்கோளம் முழுவதும் தன் உண்மையான பரப்பைப் போலச் சரியாக இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

நோயைக் கண்ணால் பார்த்து இனம் காண வேண்டிய மருத்துவருக்கு ஸ்டீரியோகிராபிக் முறையே ஏற்றது; வடிவம் கெடாமல் இருப்பதுதான் அவருக்கு முக்கியம். ஆப்டோஸ் நிறுவனமும் தன் திருத்தப்பட்ட படங்களுக்கு அதையே தேர்ந்தது. ஆனால் அதே படத்தில் பிக்சல்களை எண்ணிப் பரப்பைச் சொல்லத் தொடங்கினால் சிக்கல் வருகிறது. 60 டிகிரியில் உள்ள ஒரு பகுதி, நடுப்பகுதியின் அளவுமாற்றப்படி 3 மி.மீ.-க்கு 3 மி.மீ. என்று தெரிந்தால், உண்மையில் அது 2.25-க்கு 2.25 தான். 9 சதுர மி.மீ. என்று எழுதியது 5.1 ஆகச் சுருங்குகிறது. சர்க்கரை நோயாலோ நாள அடைப்பாலோ ரத்த ஓட்டம் நின்றுபோன பரப்பை, தெரியும் மொத்தப் பரப்பால் வகுத்துச் சொல்லும் குறியீட்டெண் ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் நிற்பது பெரும்பாலும் ஓரங்களில்தான். படம் ஊதிப் பெருக்குவதும் ஓரங்களைத்தான். பிக்சல் எண்ணிக்கையை நம்பினால், அந்தக் குறியீட்டெண் ஒரே திசையில், நோயை மிகைப்படுத்தும் திசையில், சாய்ந்துவிடுகிறது.

கோள மாதிரி இதைச் சில வரிகளில் தீர்த்துவிடுகிறது. படத்தின் நடுவிலிருந்து ஒரு பிக்சலுக்குள்ள தூரத்தைக் கோளத்தின் விட்டத்தால் வகுத்து, அதன் தலைகீழ் டேன்ஜென்ட்டை எடுத்து, இரட்டிப்பாக்கினால் அந்தப் பிக்சல் கோளத்தில் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலையும் இப்படித் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பரப்பைக் கோளத்தின் மேலேயே கூட்ட வேண்டும். கோளத்தின் ஆரத்தைக் கண்மூடித்தனமாக 12 என்று வைக்காமல், நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்குரிய மில்லிமீட்டர் பென்னட் முறையோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொண்டால், 26.5 மி.மீ. கண்ணுக்கு ஆரம் 13.4 மி.மீ. அளவில் வரும். இங்கே கவனிக்க வேண்டிய ஒரே நுணுக்கம், வீழலின் நடுப்புள்ளி எது என்பதுதான். நோயாளி மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கும்படி செய்து எடுத்த படத்துக்கு நடுப்புள்ளி ஃபோவியா அல்ல. அதை ஃபோவியாவாகக் கொண்டு கோளத்தில் ஏற்றினால் எல்லாமே பிசகும்.

பல படங்களை ஒட்டி ஒன்றாக்குபவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். இரண்டு படங்களை வெறும் நகர்த்தல், சுழற்றல், இழுத்தல் ஆகியவற்றால் பொருத்தும் ஆறு எண்களுள்ள முறை, மேற்பொருந்தும் பகுதி சிறியதாக இருக்கும்போது நாளங்களை ஓரத்தில் இரண்டாகப் பிளந்து காட்டும். அமெரிக்காவின் ரென்சலேர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட முறை, விழித்திரை வளைந்தது என்ற அனுமானத்திலிருந்தே பன்னிரண்டு எண்களுள்ள இருபடிச் சமன்பாட்டை வருவித்தது. கிரீட் தீவில் உள்ள ஃபோர்த் ஆய்வு நிறுவனத்தினர் இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணை நீள்கோளமாகவே கொண்டு, இரண்டு படங்களுக்கும் கேமரா எந்த நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று தேடும் முறையை வகுத்தார்கள். முறைகளை ஒப்பிட அவர்கள் 2017-இல் வெளியிட்ட 134 படச் சோடிகளின் தொகுப்பை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு படமும் 2912 பிக்சல் அகலம், 45 டிகிரிப் புலம். அதாவது நடுத்தரக் கண்ணில் ஒரு பிக்சல் சுமார் 4.5 மைக்ரான். இந்த நுட்பத்தில் நாளங்களைப் பொருத்த வேண்டியவருக்குக் கண்ணின் வடிவம் முக்கியம். எங்கள் மூன்று பணிகளில் எதற்கும் அந்த நுட்பம் தேவைப்படவில்லை.

கோளத்தைவிட உயர்ந்ததாக மதிக்கப்படுவது, ஒளியியல் மாதிரிக் கண்ணின் வழியே ஒவ்வொரு கதிரையும் கருவிழி, லென்ஸ் ஆகியவற்றில் முறித்து, விழித்திரை வரை துரத்திச் செல்லும் கணக்கு. ஸ்வீடன் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட் தம் கண் ஒளியியல் ஆய்வுகளுக்காக 1911-இல் நோபல் பரிசு பெற்றதிலிருந்து இந்த மாதிரிகளுக்கு நீண்ட மரபு உண்டு. அகலக் கோணங்களுக்கு ஏற்றதாக எஸ்குதேரோ சான்ஸ், நவாரோ இருவரும் 1999-இல் தந்த மாதிரியில் விழித்திரை 12 மி.மீ. ஆரக் கோளம். கொள்கையளவில் இதற்கு ஈடில்லை. நடைமுறையில் ஒரு பாதிதான் நம் கையில் இருக்கிறது. கண்ணின் பக்கம் உள்ள பரப்புகள் நூல்களில் கிடைக்கும்; கேமராவின் உள்ளே இருக்கும் லென்ஸ்களின் வடிவமைப்பைத் தயாரிப்பாளர்கள் தருவதில்லை. அது இல்லாமல் கதிரைத் துரத்துவது, வழியில் பாதியை ஊகித்துக்கொண்டு மீதியை நான்கு தசமத் துல்லியத்தில் நடப்பது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று, எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஆப்டோஸின் திருத்தப்பட்ட படத்தில் இந்த வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது. கருவியின் ஒளியியலையும் நவாரோ வகை மாதிரிக் கண்ணையும் சேர்த்து ஒவ்வொரு பிக்சலையும் கோளத்தில் கொண்டுபோய் வைத்து, பிறகு அந்தக் கோளத்தை ஸ்டீரியோகிராபிக் முறையில் தட்டையாக்கித் தருகிறார்கள். அப்படியானால் அந்தப் படத்தைத் தலைகீழ்க் கணக்கில் கோளத்துக்குத் திருப்பி அனுப்புபவர், கதிர்க் கணக்கின் பலனை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறார். அதன்மேல் மீண்டும் ஒரு கதிர்க் கணக்கை நடத்தினால், ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததாக ஆகும். இரண்டு வாரம் உழைத்து எழுதிய நிரலை நான் நீக்கியது இந்தக் காரணத்தால்தான். கேமராவிலிருந்து வரும் கோப்பு மூலப் படமா, திருத்தப்பட்ட படமா, எந்த வீழலில் திருத்தப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழியில் கால் வைக்கவே கூடாது.

கடைசி வழி, மாதிரிக் கண்ணையே விட்டுவிட்டு, அந்த நோயாளியின் கண்ணை அளந்து கட்டுவது. ஆஸ்திரேலியாவில் அட்சிசன் குழுவினர் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு 2004-இல் காட்டியது, கிட்டப்பார்வைக் கண் எல்லாப் பக்கமும் சமமாக வளர்வதில்லை என்பதை. கிட்டப்பார்வையின் ஒவ்வொரு டயாப்டருக்கும் (கண்ணாடித் திறனின் அலகு) நீளம் சுமார் 0.35 மி.மீ., உயரம் 0.19, அகலம் 0.10 என்ற அளவில் கூடுகிறது. ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. மைனஸ் 6 அளவுள்ள கண் நீளத்தில் 2 மி.மீ. கூடும்போது அகலத்தில் 0.6 மி.மீ.தான் கூடுகிறது, அது கோளத்திலிருந்து விலகி முட்டை வடிவை நோக்கிப் போகிறது. அத்தகைய கண்ணில் பின்முனைக்கு அருகே அளவுமாற்றத்தைச் சரிசெய்த கோளமே போதும்; ஓரங்களுக்குப் போகும்போதுதான் நீள்கோளம் பயன் தரும். அதற்காக ஒவ்வொருவரையும் எம்ஆர்ஐ அறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. அச்சு நீளத்தை மட்டும் அறிந்து, அட்சிசன் தந்த விகிதத்தில் மற்ற இரண்டு அச்சுகளையும் ஊகித்துக்கொள்ளலாம். இது சராசரி மட்டுமே, அந்த ஆளின் கண் அல்ல என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி கருவி குறுக்குவெட்டையே காட்டுகிறதே, அதிலிருந்து வளைவை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கண்பாவையை மையமாகக் கொண்டு விசிறிபோல விரியும் கதிர்களால் எடுக்கப்படும் அந்தப் படம், திரையில் இணைகோடுகளாக நிமிர்த்தப்பட்டு ஒரு செவ்வகத்துக்குள் அடைக்கப்படுகிறது. மேலும், செங்குத்து அளவுமாற்றமும் கிடைமட்ட அளவுமாற்றமும் பல திரைகளில் சமமாக இருப்பதில்லை. நாம் பார்க்கும் வளைவு விழித்திரையினுடையது மட்டும் அல்ல. கருவி எந்தத் தூரத்தில் நின்றது என்பதும் அதில் கலந்திருக்கிறது. விசிறியை மீண்டும் விரித்துத் திருத்திய பிறகே அது வடிவத்துக்குச் சான்றாகும்.

இருந்தாலும் ஒரு வகைக் கண்ணுக்கு இந்தக் கடைசி வழியைத் தவிர வேறில்லை. மிகக் கடுமையான கிட்டப்பார்வையில் விழியின் பின்சுவர் ஓரிடத்தில் மட்டும் பை போலப் புடைத்துவிடுவதை ஸ்டாஃபிலோமா என்கிறார்கள். கர்ட்டின் 1977-இல் அதைப் பத்து வகைகளாகப் பிரித்தார். கோளமும் நீள்கோளமும் இந்தக் கண்ணில் ஒருசேரத் தோற்றுவிடுகின்றன. அச்சு நீளத்தை வைத்துப் பெரிய கோளம் ஒன்றைக் கட்டினால், புடைப்பின் அடிப்பகுதியில் உள்ள அளவை விழி முழுவதற்கும் பரப்பிவிடுவோம்.

மூன்றாவது பணியான கட்டி வரைபடத்தைப் பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. மற்ற இரண்டையும்விட இதில்தான் தவறின் விலை அதிகம். விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தநாளப் படலமான கோராய்டில் தோன்றும் மெலனோமா என்ற புற்றுக்கட்டிக்கு, கதிரியக்க அயோடின்-125 விதைகள் பதித்த பிளேக் என்ற சிறு தகட்டை விழியின் வெளிச்சுவரில் தைத்துவைத்துச் சிகிச்சை தருவதுண்டு. நடுத்தர அளவுக் கட்டிகளில் கண்ணையே அகற்றுவதற்கும் இதற்கும் உயிர்வாழ்வதில் வேறுபாடு இல்லை என்பது 2001-இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்வில் தெரிந்தது. அந்த ஆய்வின் நடைமுறையில் கட்டியின் அடிப்பாகத்தைச் சுற்றி 2 மி.மீ. அளவு ஓரம் விட்டே பிளேக்கின் அளவைத் தேர்ந்தார்கள். 12 மி.மீ. அடிப்பாகம் உள்ள கட்டியை, 26.5 மி.மீ. கண்ணுக்குப் பதிலாக 24 மி.மீ. கண்ணின் அளவுமாற்றத்தில் கணக்கிட்டால் 10.8 மி.மீ. என்று வரும். விட்டிருக்கும் ஓரத்தில் பாதிக்கும் மேல் ஒரு பக்கமாகக் கரைந்துபோகக்கூடிய பிழை இது.

புரோட்டான் சிகிச்சைக்காரர்கள் இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். பாஸ்டனில் 1975-இல் விழிக் கட்டிக்குப் புரோட்டான் சிகிச்சை தொடங்கியது. அதற்கான திட்டமிடும் முறையைக் காய்ட்டீன், மில்லர் இருவரும் 1983-இல் வெளியிட்டார்கள். அதிலும் கணினிக்குள் ஓர் எளிய கண் மாதிரி இருக்கிறது; ஃபண்டஸ் படத்தோடு ஒப்பிட்டுக் கட்டியின் எல்லையை வரைகிறார்கள். ஆனால் அவர்கள் படத்தை மட்டும் நம்பவில்லை. அறுவையின்போது விழியின் வெளிச்சுவரில் 2.5 மி.மீ. அகலமுள்ள சிறு டாண்டலம் வில்லைகளைத் தைத்து, அவற்றிலிருந்து கட்டியின் விளிம்புக்கும் கருவிழியின் ஓரத்துக்கும் உள்ள தூரங்களைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் அந்த வில்லைகளே மாதிரிக் கண்ணை நங்கூரமிட்டு நிறுத்துகின்றன. கட்டியின் உயரம் அல்ட்ராசவுண்டிலிருந்து வருகிறது. கோளத்தின் மேல் நாம் எவ்வளவு துல்லியமாகப் படத்தைப் போர்த்தினாலும், கட்டி புடைத்திருக்கும் உயரம் அந்தப் போர்வையில் இருக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு சற்றுச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. விளக்க மாதிரிக்கு இட வலம் சரிபார்த்த ஓவியக் கண்; அதில் அளவுகோல் வசதியையே எடுத்துவிட்டோம். 45 டிகிரிப் படங்களில் தூரம் அளக்கத் தட்டைப் படமும் பென்னட் திருத்தமும். அகலப்புலப் பரப்புக்கு, ஆரத்தை அச்சு நீளத்தால் சரிசெய்த கோளம்; மைனஸ் 6-க்கு மேற்பட்ட கண்களில் மட்டும் நீள்கோளம். கதிர்க் கணக்கு கைவிடப்பட்டது. கட்டி வரைபடத்தைக் கோளத்தின் மேல் வரைந்து கொடுக்கிறோம். ஆனால் காலிப்பராலோ அல்ட்ராசவுண்டாலோ அளந்த ஓர் எண்ணாவது கூட இல்லாமல் அது எங்களிடமிருந்து வெளியே போவதில்லை.

ஒவ்வொரு மாதிரியையும் அனுப்புவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்கிறோம். கோளத்தின் மேலேயே நரம்பு வட்டின் மையத்திலிருந்து ஃபோவியாவுக்கு நூலைப் போல ஒரு வளைகோட்டை இழுத்து அளக்கிறோம். நடுத்தரக் கண்ணில் அது 4.5 மி.மீ.-ஐ ஒட்டி வர வேண்டும். வட்டு ஃபோவியாவைவிடச் சற்று மேலே, மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு கோப்பில் 6.3 என்று வந்தது. வீழலும் ஆரமும் நிரலும் சரியாகவே இருந்தன. அச்சு நீளம் எழுத வேண்டிய கட்டத்தில், வரவேற்பு மேசையில் யாரோ நோயாளியின் வயதான 33-ஐ எழுதியிருந்தார்கள்.